உருமியைப் பின்னால் வைத்தேன், மாட்டிக்கொண்டேன்: கேம் இசையைச் சரவுண்டில் மிக்ஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். உருமி எதிரே வந்தால் நின்று பார்ப்போம். அதே உருமி முதுகுக்குப் பின்னால் கிளம்பினால் யோசிக்கும் முன்பே கால் விலகி வழிவிட்டுவிடும். முன்னால் கேட்பதைக் காது ரசிக்கும், பின்னால் கேட்டால் உஷாராகிவிடும்.

இதை மறந்துவிட்டுத்தான் என் முதல் 5.1 சரவுண்ட் மிக்ஸைச் செய்தேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, இதுதான் 5.1. நண்பர்கள் சேர்ந்து செய்த சின்ன கேம் அது. இரவில் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து ஒளிந்து தப்பிக்க வேண்டும். ஆறு ஸ்பீக்கர் இருக்கிறதே என்ற ஆசையில் உருமியைப் பின்பக்கம் இரண்டுக்கும் அனுப்பினேன். சித்தப்பா மகன் ஆடிப் பார்த்தான். நாலு அடிக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டே இருந்தான். "அண்ணே, யாரோ வர்றான்னு திரும்பினா யாருமே இல்ல" என்றான். கொஞ்ச நேரத்தில் திரும்புவதையே விட்டுவிட்டான். அப்போதுதான் தோட்டக் காவல்காரன் நிஜமாகவே பின்னால் வந்து பிடித்தான். புலி வருது கதைதான்.

சினிமாவில் பின்னால் சத்தம் கேட்டாலும் பார்வையாளர் திரைக்கு முதுகைக் காட்டப்போவதில்லை. கேமில் அப்படி இல்லை. பின் ஸ்பீக்கர் அங்கே எதிரி வருவதைச் சொல்லும் இடம், அதை இசை பிடித்துக்கொள்ளக் கூடாது. இசையே வேண்டாம் என்றும் இல்லை. சட்டென்று தொடங்காத ஒலிகள், அதாவது தம்பூரா மாதிரி நீளும் சுருதி, எதிரொலியின் வால், மெல்ல எழும் வயலின் கூட்டம், இவை பின்னால் உட்கார்ந்தால் இடம் விரிவதுபோல இருக்கும், யாரும் திரும்ப மாட்டார்கள். உருமியை முன்னால் கொண்டுவந்தேன், பிரச்சினை தீர்ந்தது.

ஸ்பீக்கரின் இடத்தையும் சரிபாருங்கள். 5.1 அமைப்பின் அளவுகோல்படி முன் இரண்டும் நடுவிலிருந்து 30 டிகிரியில், பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பின் என்று சொல்கிறோமே தவிர, அது காதுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளிய இடம். சோபாவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு மிக்ஸ் செய்தால், சரியாக வைத்திருக்கும் வீட்டில் வேறு மாதிரி கேட்கும்.

நடு ஸ்பீக்கர் வசனத்துக்கு. பாடகர் குரலையோ முக்கிய வாத்தியத்தையோ அங்கே வைத்தால் கதாபாத்திரம் பேசும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். பலர் நடுவைக் காலியாக விட்டு நாலு ஸ்பீக்கரில் மட்டும் இசையை வைக்கிறார்கள். நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

அடுத்தது பாஸ். 5.1-இல் அந்த '.1' தனிச் சேனல், அதாவது தனி ஒலித்தடம். சப்வூஃபர் என்பது பாஸை ஒலிக்கும் ஸ்பீக்கர் பெட்டி. இரண்டும் ஒன்றல்ல. அந்தச் சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும்படி வைக்கப்பட்டது, குண்டுவெடிப்பு மாதிரியான அதிர்வுக்கானது. பாஸ் கிட்டாரை முழுக்க அதற்குள் தள்ளினால், டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது அந்தச் சேனல் பெரும்பாலும் கைவிடப்படும், பாஸும் கூடவே போகும். பாஸை முன் சேனல்களிலேயே விடுங்கள், சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்புவதை வீட்டு ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும். எனக்கு இன்னொரு சிக்கல். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு பக்கத்து ஆண்ட்டி வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிடுகிறது. இரவில் சப்வூஃபரைக் குறைத்துவிட்டு மிக்ஸ் செய்தேன், பாஸ் போதவில்லை என்று ஏற்றினேன். மறுநாள் முழுச் சத்தத்தில் போட்டதும் ஜன்னல் அதிர்ந்தது.

முன்னால் உள்ள இசையையே 10 மில்லிசெகண்ட் தாமதித்துப் பின்னால் ஒரு நகல் போடுவது சுலபமான குறுக்குவழி. ஆறு ஸ்பீக்கரில் பிரமாதமாகத்தான் இருக்கும். இரண்டாகச் சுருக்கியதும் நகலும் அசலும் மோதி 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த அதிர்வெண்கள் மட்டும் காணாமல் போகும். என் உருமி தகர டப்பா ஆனது இப்படித்தான்.

கேமரா திரும்பும்போது பின்னணி இசையும் சுழன்றால் தலை சுற்றும். கேமுக்குள் ஒரு டீக்கடை ரேடியோ பாடினால் அது சுழலத்தான் வேண்டும், பின்னணி இசை சுழலக் கூடாது. வைஸ், எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருள்கள் இரண்டிலும் இதைத் தனித்தனியாக அமைக்கலாம். ஹெட்போனில் இன்னொரு பொறி உண்டு. கேமும் சரவுண்ட் விளைவு கொடுத்து, ஹெட்செட்டும் தன் பங்குக்குக் கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். ஒன்றை அணைக்க வேண்டும்.

சத்த அளவு: வீட்டு கன்சோல்களுக்குச் சோனி பரிந்துரைக்கும் சராசரி -24 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு). அது இசைக்கு மட்டுமல்ல, வசனம், வெடி எல்லாம் சேர்ந்த முழு கேமுக்கும். ஆல்பம் மாதிரி அழுத்திப் பிழிந்த இசைக்கு அங்கே இடமில்லை.

நினைவகத்தையும் கணக்குப் போடுங்கள். ஆறு சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் சுருக்காத கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி. அமைதி, பதற்றம், சண்டை என்று மூன்று அடுக்கு ஒன்றாக ஓடினால் மூன்று மடங்கு.

கடைசியாக, என்னை அழவைத்த தவறு. சேனல் வரிசை. சினிமாப் பழக்கத்தில் இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, பாஸ் என்று ஏற்றுமதி செய்தேன். கேம் என்ஜினோ வேவ் கோப்பின் வரிசையில், அதாவது இடது, வலது, நடு, பாஸ், பின் இடது, பின் வலது என்று படித்தது. பின் இடதில் இருந்த நாதஸ்வரம் சப்வூஃபருக்குள் போய் மறைந்தது, பாஸ் அதிர்வு பின் வலதிலிருந்து உறுமியது. இரண்டு நாள் ஈக்வலைசரைத் திருகிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதலில் ஒரு சோதனைக் கோப்பு அனுப்புகிறேன். பாஸ் சேனலில் 50 ஹெர்ட்ஸ் சுருதி, மற்ற ஐந்திலும் "முன் இடது", "பின் வலது" என்று என் குரல். போன வாரம் இரவு பத்து மணிக்கு அதைச் சுற்றவிட்டு ஓட்டினேன். காலையில் ஆண்ட்டி கேட்டார்: "ராத்திரி யாருக்குத் தம்பி வழி சொல்லிக்கிட்டு இருந்த?"