தோசைக்கல்லில் சீஸ் கார்லிக் பிரெட், மேலே தேன் மிளகாய்

கார்லிக் பிரெட்டில் இனிப்பும் காரமும் சேர வேண்டுமென்றால் தேனைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முதல் தடவை நான் தேனையும் வெண்ணெயையும் ஒன்றாகக் குழைத்துத் தடவி அவனில் வைத்தேன், சீஸ் உருகுவதற்குள் ஓரமெல்லாம் கறுத்துக் கசந்து ஆறு துண்டும் வீணாகிவிட்டது. தேனில் நிறைய இருக்கும் ஃப்ரக்டோஸ், நாம் காபிக்குப் போடும் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும்.

ஸ்லைஸ் போட்ட மில்க் பிரெட் இதற்கு வேண்டாம், வெண்ணெயைக் குடித்துத் துவண்டு போகும். பேக்கரியில் வெட்டாத லோஃப் கேட்டு வாங்கி, ஒரு விரல் கனத்துக்கு நீங்களே ஆறு துண்டு போடுங்கள். நேற்றைய ரொட்டி என்றால் இன்னும் நல்லது, கொஞ்சம் காய்ந்திருப்பதால் மொறுமொறுப்பு நிற்கும்.

அடுத்தது பூண்டு, இதில்தான் அவசரப்படக் கூடாது. பத்துப் பல் எடுத்துத் தோலுரித்து, கல் உரலில் உப்பு நாலு கல் போட்டு நசுக்குங்கள். முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசனை இருக்காது. நசுங்கிய பிறகுதான் அல்லிசின் என்ற பொருள் உண்டாகி மூக்கில் ஏறும். அதனால் நசுக்கியதைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு (2019இல் புவிசார் குறியீடு வாங்கியது) கிடைத்தால் ஆறு பல்லே போதும், அவ்வளவு நெடி.

50 கிராம் வெண்ணெயில் ஒரு ஸ்பூன் மட்டும் சின்ன வாணலியில் உருக்கி, பாதிப் பூண்டைப் போட்டு மிகச் சிறிய தீயில் ஒரு நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறவே கூடாது, சிவந்தால் கசக்கும். ஆறியதும் மீதி வெண்ணெய், மீதிப் பச்சைப் பூண்டு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி எல்லாம் சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள். வதக்கிய பூண்டு இனிப்பைத் தரும், பச்சைப் பூண்டு சுரீரென்று இருக்கும், இரண்டும் வேண்டும். உப்பு வெண்ணெய் என்றால் உரலில் போடும் உப்பைக் குறையுங்கள்.

சீஸ் 100 கிராம் மோசரெல்லா. கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அது சரியாக இழுபடாது.

தேனுக்கு: மூன்று டேபிள்ஸ்பூன் தேன், கையால் நொறுக்கிய காய்ந்த மிளகாய் மூன்று, இதை லேசாகச் சூடாக்கி ஓரத்தில் நுரை தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். புளிப்பு இல்லாவிட்டால் வெறும் திகட்டல்தான். தேன் இல்லையா, கெட்டியான வெல்லப்பாகு தாராளமாகப் போடலாம்.

சரி, இப்போது தோசைக்கல். சிறு தீயில் துண்டுகளை ஒரு பக்கம் மட்டும் பொன்னிறமாக வாட்டுங்கள். திருப்பிப் போட்டு, வாட்டிய பக்கம் மேலே வந்ததும் பூண்டு வெண்ணெயை ஓரம் வரை தடவி, சீஸை அள்ளிப் போடுங்கள். கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே குழிவான மூடியால் மூடுங்கள். அந்த ஆவியில் சீஸ் உருகும், அதற்குள் அடிப்பக்கமும் சிவந்துவிடும். நாலைந்து நிமிடம் ஆகும், மூடியின் உட்புறத்து நீர் ரொட்டியில் சொட்டாமல் சட்டென்று தூக்கிவிடுங்கள். அவன் இருக்கிறவர்கள் 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, வாட்டாமல் நேராக வைத்து எட்டு நிமிடம் விட்டால் போதும், ஆனால் ஆறாவது நிமிடத்திலிருந்து கண் வைத்திருங்கள்.

சீஸ் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பூனால் தேனைக் கோடு கோடாக விடுங்கள். அது சீஸின் பள்ளங்களில் போய்த் தேங்கும், மிளகாய் விதைகள் மேலே ஒட்டி நிற்கும். இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் மோசரெல்லா ரப்பராகிவிடும். மிஞ்சிய தேன் மிளகாயை ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், வறுத்த பனீருக்கும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் அருமையாக இருக்கும்.