வேவ் டிஜிட்டல் ஃபில்டர்: அந்த ஒரு சாம்பிள் தாமதத்தால் வரும் வினை

பழைய கிதார் ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றைக் கணினிக்குள் கொண்டுவர விரும்புவோர் பலரும் வந்து சேரும் இடம் ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970களில் வளர்த்தெடுத்த வேவ் டிஜிட்டல் ஃபில்டர் முறை. ஒவ்வொரு உறுப்புக்கும் உள்ளே போகும் அலை, வெளியே வரும் அலை, இடையில் ஒரு போர்ட் மின்தடை (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அலைகளாக மாற்ற நாம் தேர்ந்தெடுக்கும் எண்). கணக்கு முழுவதும் இவற்றில்தான் ஓடும். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டுவிடுவது போன்ற பிழைகளைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிட்டு மற்ற பிழைகளைச் சொல்கிறேன்.

சுழலை உடைக்கச் செருகும் தாமதம்

இன்றும் எரிச்சலூட்டுவது இது. ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் டோன் ஸ்டாக்கை (பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் உள்ள சுற்றை) தொடரிணைப்பாகவும் பக்க இணைப்பாகவும் முழுதாகப் பிரிக்க முடியாது. வலிந்து பிரித்தால், பந்தியில் ‘நீங்கள் முதலில் உட்காருங்கள்’ என்று இருவர் மாறி மாறி உபசரித்து நிற்பதுபோல, இரண்டு அடாப்டர்கள் (உறுப்புகளை இணைத்து அலைகளைப் பங்கிடும் பகுதிகள்) ஒன்றன் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும். இதுதான் சுழல். உடனே புதியவர் என்ன செய்கிறார்? ஓரிடத்தில் முந்தைய சாம்பிளின், அதாவது ஒலியை அளந்த முந்தைய கணத்தின், மதிப்பை எடுத்துப் போட்டுவிடுகிறார்.

நிரல் ஓடும், ஒலியும் வரும். இரு பக்கமும் ஒரே போர்ட் மின்தடை இருந்தால் தாமதம் ஆற்றலைக் கூட்டாது; எனவே எதுவும் வெடிக்காது. வெடித்திருந்தால் நல்லது, அன்றைக்கே திருத்தியிருப்பார்.

உண்மையில் அவர் செருகியது ஒரு சிறிய மின்கடத்துத் தொடர் (டிரான்ஸ்மிஷன் லைன்). 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், 10 கிலோ ஓம் போர்ட் மின்தடையில், அது ஏறக்குறைய 0.1 ஹென்றி மின்தூண்டியையும் 1 நானோஃபாரட் மின்தேக்கியையும் சுற்றுக்குள் வைத்ததற்குச் சமம். ட்ரெபிள் மின்தேக்கியோ வெறும் 250 பிக்கோஃபாரட்! தம்பி ஒருவர் தம் நிரலை அனுப்பி, “ட்ரெபிள் மந்தமாக இருக்கிறது அண்ணா, மின்தேக்கியின் மதிப்பு தவறோ?” என்று கேட்டார். வரைபடத்தில் இருந்த மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, காதுக்குச் சரியாகும்வரை இழுத்திருந்தார். 96 கிலோஹெர்ட்ஸில் ஓட்டச் சொன்னேன். பேய் மின்தேக்கி பாதியாகிவிட்டது. அவர் இழுத்துப் பொருத்தியதெல்லாம் வீண்.

சரியான வழி ஆர் வகை அடாப்டர்: தொடர், பக்க இணைப்பாகப் பிரியாத பகுதியை முழுதாக ஏற்கும் அடாப்டர். மாற்றியமைத்த நோடல் அனாலிசிஸ் என்னும் சுற்றுக் கணக்கு முறை மூலம் எந்த இணைப்புக்கும் சிதறல் அணியை (உள்ளே வரும் அலைகளிலிருந்து வெளியே போகும் அலைகளைத் தரும் எண் அட்டவணையை) பெறலாம் என்று வெர்னர், ஸ்மித், ஏபல் மூவரும் 2015இல் காட்டினார்கள். அணியைக் குமிழ் திரும்பும்போது மட்டும் புதிதாகக் கணக்கிட்டால் போதும். மற்ற நேரமெல்லாம் வெறும் பெருக்கல்தான். இவ்வளவு சிறிய வேலைக்குச் சோம்பி, வாரக்கணக்கில் மதிப்புகளோடு மல்லுக்கட்டுவானேன்?

சாம்பிள் ரேட் மாறியதை மறப்பது

மின்தேக்கியின் போர்ட் மின்தடை, சாம்பிள் இடைவெளியை மின்தேக்கு திறனின் இருமடங்கால் வகுத்தது. 250 பிக்கோஃபாரட்டுக்கு 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 41.7 கிலோ ஓம். பழைய எண்ணோடு 96இல் ஓட்டினால் டோன் ஸ்டாக் முழுவதும் ஓர் ஆக்டேவ் மேலே போய்விடும்.

எதிரெதிர் டையோடுகளை இரண்டாகப் பிரிப்பது

வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே உறுப்பாக, அடாப்டர்களும் உறுப்புகளும் கிளைகளாக இணையும் மரத்தின் வேரில் வையுங்கள்.

டையோடு இருந்தும் ஓவர்சாம்ப்ளிங் இல்லாதது

ஓவர்சாம்ப்ளிங், அதாவது உள்ளே உயர்ந்த சாம்பிள் ரேட்டில் ஓட்டுவது, இல்லாமல் உச்ச சுரத்தை மெல்ல வளைத்துக் கேளுங்கள். சுருதி மேலே ஏறும்போது கீழே இறங்கும் ஓசைகள் கேட்கும்.

குமிழைப் பூஜ்ஜியம்வரை விடுவது

எங்கோ ஒரு வகுத்தல் முறியும். ஓர் ஓமாவது மிச்சம் வையுங்கள்.