பதவி போனப்புறமும் ஏரியா கைவிட்டுப் போகாம இருக்க

பெங்களூர்ல கார்ப்பரேட்டருங்க (மாநகராட்சி வார்டு கவுன்சிலருங்க) பதவிக்காலம் 2020 செப்டம்பர்ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா எலெக்‌ஷனே வெக்கல. மாஜி ஆனவங்கள்ல சில பேர் வாசல்ல இன்னும் காலைல கூட்டம் நிக்குது, சில பேரை டீக்கடையில பார்த்தா ஜனம் அந்தப் பக்கம் திரும்பிக்குது. நான் ரெண்டு மாதிரி ஆளுங்க கிட்டயும் வேலை பார்த்திருக்கேன், அதனால தமிழ் ஜனம் நிறைய இருக்கற அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் அரசியல் பண்ற நம்ம தம்பிங்களுக்கு இது.

முதல்ல ஒரு நீட்டு நோட்டு வாங்குங்க. யார் வந்தாங்க, என்ன வேலை, எந்த ஆபீஸ், என்ன ஆச்சு, அவ்ளோதான். வேலை நடக்கலன்னா நீங்களே போன் பண்ணி "அக்கா, காத்தா (சொத்து வரிப் பதிவு) விஷயம் இழுக்குது, இந்த பேப்பர் இல்லாம ஆகாது"ன்னு சொல்லிடணும். ஆகலன்னு சொன்னா ஜனம் கோச்சுக்கிறதே இல்ல, நாளைக்கு வா நாளைக்கு வான்னு நாலு தடவை ஆட்டோ காசு செலவு பண்ண வெச்சீங்க பாருங்க, அதை பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லுவாங்க.

வோட்டர் லிஸ்ட் வேலைய எலெக்‌ஷன் இல்லாத வருஷத்துல பண்ணுங்க. இங்க பாதி பேர் வாடகை, 11 மாச அக்ரிமெண்ட், தெரு மாறிட்டே இருப்பாங்க. புதுசா சேர்க்க ஃபார்ம் 6, வீடு மாறினா ஃபார்ம் 8. கூட உக்காந்து நிரப்பிக் குடுங்க, யாருக்கு வோட்டுன்னு மட்டும் அப்போ வாயத் திறக்காதீங்க.

கன்னடம் எழுதப் படிக்க கத்துக்கோங்க. நம்ம ஜனம் நம்மள தேடி வர்றதே ஆபீஸ்ல லெட்டர் எழுதத் தெரியாமதானே. பக்கத்து கன்னடக்காரங்க விசேஷத்துல முன்னாடி நின்னு வேலை செய்யுங்க, காவிரி பிரச்சனை வர்றப்போதான் அதோட அருமை தெரியும். அல்சூர் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கெடந்துச்சு, 2009 ஆகஸ்ட்ல திறந்தாங்க, அதே மாசம் சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தாங்க. குடுத்தாதான் கிடைக்கும்.

கூட இருக்கற பசங்க விஷயம்தான் ரொம்ப முக்கியம். ஒரு பையனுக்கு ஒரு தெருன்னு பிரிச்சுக் குடுங்க, அந்தத் தெருவுல தண்ணி டேங்கர் வந்தா அவன் பேரு வெளிய வரணும், உங்க பேரு இல்ல. எங்க மாஜி ஒருத்தர் கோயில் திருவிழா பேனர்ல திடீர்னு தன் பையன் படத்தை போட்டார், ராத்திரி பகலா உழைச்ச பசங்க ஓரத்துல ஸ்டாம்ப் சைஸ்ல. ஒரே வாரத்துல ஆறு பேர் எதிர் கோஷ்டிக்கு போயிட்டானுங்க, நானும் அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கல.

கட்சிக் கொடிய மட்டும் நம்பாதீங்க. 2019ல கர்நாடகாவுல கட்சித் தாவல்னு 17 எம்எல்ஏ பதவி போச்சு, டிசம்பர்ல 15 தொகுதிக்கு இடைத்தேர்தல், பாஜக 12 ஜெயிச்சுது. கே.ஆர்.புரம், மகாலட்சுமி லேஅவுட்ல ஆளு கட்சி மாறினாலும் வோட்டு கூடவே மாறுச்சு (ஆட்சி கையில இருந்ததும் ஒரு காரணம், இல்லன்னு சொல்லல), ஆனா சிவாஜிநகர்ல காங்கிரஸே ஜெயிச்சுது. அதுக்காக தாவுங்கன்னு சொல்லல.

மேல எவ்ளோ பெரிய ஆளானாலும் சொந்தத் தெருவ விடக்கூடாது. காமராஜர் 1963ல முதலமைச்சர் பதவிய தானா விட்டார், டெல்லியில யார் பிரதமர்னு முடிவு பண்ற இடத்துக்குப் போனார். அவரே 1967ல விருதுநகர்ல தோத்தார், அதுவும் ஒரு மாணவர் தலைவர்கிட்ட. அவருக்கே அந்த கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

ஏலச்சீட்டு பிடிக்காதீங்க, வட்டிக்கு விடாதீங்க. விளக்கம் வேணாம்.

சாவு வீட்டுக்கு முதல் நாள் எல்லா கட்சிக்காரனும் மாலையோட வருவான். நீங்க பதினாறாம் நாள் காரியத்துக்கு தனியா போங்க, போனை பாக்கெட்லயே வெச்சுக்கோங்க, டெத் சர்டிபிகேட் வாங்கியாச்சா, விதவை பென்ஷனுக்கு எழுதியாச்சான்னு கேட்டு அப்பவே நோட்டுல குறிச்சுட்டு வாங்க.