தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்ததா? வானியலைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச வானியல் ஒன்றியம் 2011இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ‘வளர்ச்சிக்கான வானியல்’ அலுவலகத்தைத் தொடங்கியது. வானியலைக் கருவியாக வைத்துக் கல்வியையும் சமூகத்தையும் முன்னேற்றுவதுதான் அதன் நோக்கம். அதற்காக ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து திட்டங்களைக் கேட்டு வாங்கி நிதி தருகிறது. நோக்கம் இப்படித் தெளிவாக இருந்தும், புதிதாக இறங்குகிறவர்கள் போடும் திட்டத்தின் முதல் வரி பெரும்பாலும் ‘தொலைநோக்கி ஒன்று வாங்குதல்’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

மேகம் பார்க்காமல் கிளம்புவது, டார்ச்சுக்கு பேட்டரி போட மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். இங்கே அவற்றைத் தொடவில்லை.

கருவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவது

பொன்னாடை, கைதட்டல், தலைமையாசிரியரோடு ஒரு ஃபோட்டோ. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கருவி பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். உடனே ஆசிரியருக்கு அக்கறையில்லை என்று புலம்புவார்கள். எரிச்சலூட்டும் பேச்சு அது. தவறு கொடுத்தவர்களுடையது.

பள்ளிக்கு வரும் பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். இருபதாயிரம் ரூபாய் என்று எழுதிவைத்த பொருளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கையில் அவர் எந்தத் தைரியத்தில் கொடுப்பார்? பூட்டி வைத்தால் தணிக்கையில் ஒரு கேள்வியும் வராது.

பயத்தை மீறி வெளியே எடுப்பவரைத் தாங்கி, அதாவது குழலைப் பிடித்து நிறுத்தித் திருப்பும் அடிப்பகுதி, விரட்டும். பார்க்க மிடுக்காக இருப்பதால் பலரும் ஈக்வடோரியல் தாங்கி வாங்கிவிடுகிறார்கள். அதன் அச்சை ஊரின் அட்சரேகைக்குச் சாய்த்து, துருவ நட்சத்திரத்தைப் பார்க்க நிறுத்த வேண்டும். சென்னை 13 பாகை, கன்னியாகுமரி 8. மலிவான தாங்கிகள் பலவற்றில் இவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ அடிவானத்துப் புளியமரத்துக்குப் பின்னால் நிற்கும். நமக்கு டாப்சோனியன் என்ற எளிய தாங்கிதான் சரி. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளினால் போதும்; 130 அல்லது 150 மி.மீ. ஆடி (ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி) தாராளம்.

அடுத்து, உருப்பெருக்கம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘525 மடங்கு’. 76 மி.மீ. ஆடி, 700 மி.மீ. குவியத் தொலைவு, 4 மி.மீ. கண்ணருகு வில்லை (கண் வைத்துப் பார்க்கும் வில்லை): 700ஐ 4ஆல் வகுத்தால் 175 மடங்கு. உருப்பெருக்கத்தைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ வில்லையைச் சொருகினால் 525. கணக்கு சரி, காட்சிதான் கிடைக்காது. ஆடியின் அகலத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உச்ச வரம்பு, இதற்கு 152. நம் ஊர்க் காற்றில் அதற்கும் கீழேதான். பிள்ளைகள் பெரிய எண்ணைத்தான் முதலில் சொருகுவார்கள், கலங்கிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கருவி சரியில்லை என்று விலகிவிடுவார்கள். அந்த பார்லோவைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தேடுகுழலை, அதாவது குறிபார்க்கப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்னக் குழலை, பகலிலேயே நேர்படுத்த வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள செல்ஃபோன் கோபுர உச்சியை 25 மி.மீ. வில்லையில் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு தேடுகுழலின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைக் குறுக்குக் கோட்டில் நிறுத்துங்கள். பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் இரவில் சனியைத் தேடியே அரைமணி நேரம் போகும்.

ஆடியை வேட்டி நுனியால் துடைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலுமினியப் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்திலேயே இருப்பதால் ஒரே துடைப்பில் கீறல் விழும். தூசியைக் காற்றுப் பந்தால் ஊதினால் போதும். கடலோர ஊர்களில் பனி ஈரத்தோடு மூடி போட்டால் வில்லையில் பூஞ்சை படரும். உள்ளே கொண்டுவந்து ஈரம் உலர்ந்த பிறகு மூடி, பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள்.

ஆகவே பள்ளியின் பெயரில் எழுதிக் கொடுக்காதீர்கள். பத்துப் பள்ளிக்கு இரண்டு கருவி, உடைமை உங்கள் குழுவினுடையது, பள்ளிகள் நூலகப் புத்தகம்போல் எடுத்துப் போகட்டும். ‘உடைந்தால் பொறுப்பு எங்களுடையது’ என்று கடிதமாகவே கொடுங்கள். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பழக்குங்கள். ஒருவர் மாறுதலில் போய்விடுவார். பயிற்சி என்றால் ப்ராஜெக்டர் போட்டுப் பேசுவதில்லை. ஆசிரியர் தனியாகக் கருவியைத் தூக்கிவந்து, பாகங்களைப் பொருத்தி, நிலவையும் வியாழனையும் கண்டுபிடித்து, கழற்றி உள்ளே வைக்க வேண்டும், மூன்று முறை. பணத்தில் பாதி இதற்கும் பஸ் கட்டணத்துக்கும் போகட்டும்.

2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக வந்த கலிலியோஸ்கோப் என்ற சின்னத் தொலைநோக்கி இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது: 50 மி.மீ. வில்லை, 25 மடங்கு, பிள்ளைகளே பாகங்களைப் பொருத்தலாம். தன் கையால் பொருத்தியதைத் தொட யாரும் பயப்படுவதில்லை.

பௌர்ணமியன்று நிலவு காட்டுவது

நிழலே இருக்காது, பள்ளங்கள் தெரியாது. நாள்காட்டியில் வளர்பிறை பஞ்சமி முதல் நவமி வரை பாருங்கள். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு விட்டுவிடலாம்.

வரிசைக்குக் கணக்குப் போடாதது

200 பேர், தலைக்கு 45 நொடி: இரண்டரை மணி நேரம். அதுவும் 100 மடங்கில் பார்வைப் பரப்பு அரைப் பாகைதான். இரண்டே நிமிடத்தில் கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது பிள்ளை வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, கூச்சத்தில் “தெரியுது சார்” என்று நகரும். “நிலாவுல எந்தப் பக்கம் கறுப்பா இருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வரும். 40 மடங்கோடு நிறுத்துங்கள்.

இரவுக்கு மட்டுமே திட்டம் போடுவது

கடைசி பஸ் எட்டரைக்கு என்றால் மாணவிகள் வரமாட்டார்கள். சமூக முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் பாதிப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுகிறோம். பகலிலேயே நல்ல வானியல் இருக்கிறது. ஒரு செ.மீ. துளை வெட்டிய கறுப்புத் தாளை முகம்பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி, வெயிலை 20 மீட்டர் தள்ளி இருண்ட அறைச் சுவரில் விழவையுங்கள்: 18 செ.மீ. சூரியன் கிடைக்கும். கண்ணாடியை யாரும் குனிந்து பார்க்காதபடி மட்டும் ஒருவர் நிற்க வேண்டும். பெரிய கரும்புள்ளி இருக்கும் நாளில் அதுவும் தெரியலாம்.

நிழல் அளக்கக் கடிகார 12 மணியை நம்புவது

சென்னையும் கன்னியாகுமரியும் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளக்கலாம். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் உச்சிவேளையில் ஒரு மீட்டர்க் குச்சிக்கு நிழல் இருக்காது. கன்னியாகுமரியில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 8.7 செ.மீ. விழும். கோணம் 5 பாகை, அதாவது வட்டத்தில் 72இல் ஒரு பங்கு; ஊர்களுக்கு இடையிலான தூரத்தை 72ஆல் பெருக்கினால் சுற்றளவு. ஆனால் உச்சி இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் வராது, கன்னியாகுமரியில் 11 நிமிடம் பிந்தும். 11.45 முதல் 12.45 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, மிகக் குட்டையானதை எடுங்கள். குச்சி நேராக நிற்கத் தூக்குக் குண்டு வேண்டும்.

இன்னொரு குழி: தூரம். பஸ் ஓடும் 700 கி.மீ.யைப் போட்டால் 50,400 வரும். வடக்கு தெற்காக மட்டும் எடுத்த 555 கி.மீ.யைப் போட்டால் 39,960. சூரியன் இரண்டு ஊர்களுக்கும் இடையே நிற்கும் நாட்களில் கோணங்களைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது.

கண்ணருகு வில்லையில் திருகும் சூரிய வடிகட்டி

குப்பையில் போடுங்கள். சூட்டில் வெடிக்கும்.

நட்சத்திரங்களைக் கிரேக்கக் கதையில் தொடங்குவது

ரோகிணி, திருவாதிரை என்று வீட்டிலேயே பேர் இருக்கிறது, பிள்ளைகள் அவற்றை வானத்தில் பார்த்ததில்லை. “என் நட்சத்திரம் எது சார்?” என்று கேட்டால் ஜோதிடத்தைத் திட்டப் போகாதீர்கள். காட்டுங்கள்.

தலைகளை எண்ணி அறிக்கை எழுதுவது

1,200 பேர் வந்தார்கள் என்பது கூட்டத்தின் அளவு. நிகழ்ச்சிக்கு முன் ஒரு கேள்வி வையுங்கள்: நிலா ஏன் தேய்கிறது? ‘பூமியின் நிழல் விழுவதால்’ என்று தவறாக எழுதுகிறவர்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பந்தும் பல்பும் வைத்து அவர்களையே செய்யவிட்டு, மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் அதே கேள்வியைக் கேளுங்கள்.

கூடவே கருவி எடுத்துப்போகும் நோட்டைப் புரட்டுங்கள். இரண்டு மாதமாகப் பெயர் வராத பள்ளிக்கு ஃபோன் போடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு திருகோ வில்லையோ காணாமல் போயிருக்கும். கடிதம் கொடுத்த பிறகும் சொல்லப் பயந்துகொண்டிருப்பார்கள்.