பண்ணையில் பொங்கல் வைக்கணுமா? முதலில் குத்தகையைப் பற்றிக் கேளுங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் முப்பது குடும்பம் சேர்ந்து, கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பொங்கல் வைத்தோம். அதிலிருந்து மாதம் ஒருவராவது “அக்கா, நாங்களும் வைக்கணும், எப்படி?” என்று பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

பண்ணைக்காரர் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நானும் அப்படி நினைத்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். நிலம் அவருடையது இல்லை. கிராஞ்சி, லிம் சூ காங், சுங்கை தெங்கா பக்கத்துப் பண்ணைகள் பெரும்பாலும் அரசாங்க நிலத்தில் குத்தகைக்கு நடப்பவை. சிங்கப்பூர் நிலத்தில் விவசாயத்துக்கு விட்டிருப்பது ஒரு விழுக்காடுகூடக் கிடையாது. அதையும் ஆளாளுக்குத் திருவிழாத் திடலாக்கினால் கீரை எங்கே முளைக்கும்?

ஆகவே முதல் கேள்வி இதுதான்: “உங்கள் குத்தகையில் விளைச்சலைத் தவிர வேறு எதற்கு அனுமதி இருக்கிறது, எந்த இடத்தில்?” சில பண்ணைகளில் உணவகம், பார்வையாளர் கூடம் என்று ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய பகுதி உண்டு. அங்கேயே நடத்துங்கள். பாத்தி போட்ட மண்ணில் கூடாரம் அடிக்கும் யோசனையே வேண்டாம். அந்தப் பகுதிக்கு வெளியேதான் இடம் என்றால், சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும் பண்ணைக்காரரே கேட்கட்டும். பதில் எழுத்தில் வரும்வரை அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள்.

அப்புறம், வருவது யார்? நாங்கள் பெயர்ப்பட்டியல் வைத்து, அழைத்தவர்கள் மட்டும் என்று நடத்தினோம். பாதித் தலைவலி அதிலேயே போனது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விளம்பரம் செய்தால், மேடை ஆட்டம் பாட்டத்துக்கு உரிமம் தேவையா என்று பார்க்க வேண்டும். உணவுக் கடை போட்டு விற்றால் அதற்குத் தனி உரிமம். பெரிய கூடாரம் என்றால், தீப்பாதுகாப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளையும் படித்துவிடுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் தொடங்கிவிடுங்கள்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதைப் பண்ணைக்காரர் சொல்லட்டும். நாங்கள் சிமெண்ட் தரையில் கேஸ் அடுப்பு வைத்து, பக்கத்தில் தீயணைப்பானையும் வைத்தோம். விறகு இல்லையென்று என் மாமியார் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பானை பொங்கியதும் முதல் குலவை அவருடையதுதான்.

இனி நான் பட்டது. ஜனவரியில் மழை விட்டிருக்காது, மண் குழைந்து கிடக்கும். நாங்கள் அமர்த்திய பெரிய பேருந்து பண்ணைக்குப் போகும் குறுகல் பாதையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. பட்டுப்புடவையோடு அரை கிலோமீட்டர் சேற்றில் நடந்தோம். பாதையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வண்டி பேசுங்கள். சிற்றுந்து இரண்டு இருந்தால் போதும். சாலையோரத்தில் கார்களை வரிசையாக விட்டால் பண்ணை லாரி போக வழியிருக்காது.

என் தங்கை மகன் டிரோனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தெங்கா விமானப் படைத் தளம் அந்தப் பக்கம்தான். தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. “தம்பி, பையிலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். முதல் நாளே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடு மாடு உள்ள பண்ணை என்றால் பிள்ளைகள் கையில் பொங்கலைக் கொடுத்து ஊட்டவிடாதீர்கள். பண்ணைக்காரர் கொடுக்கும் தீவனம் மட்டும்தான். கிளம்பும்போது கரும்புச் சக்கை, வாழை இலை, பிளாஸ்டிக் தம்ளர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி நீங்களே எடுத்துப் போங்கள். நாங்கள் பதினொரு மூட்டை கட்டினோம். அதில் இரண்டு என் மடியிலேயே வீடு வந்து சேர்ந்தன.