அந்நியப் படை வந்து சர்வாதிகாரியை வீழ்த்தலாமா? மேடையேறும் முன்

மாணவர்களை விவாதத்துக்குத் தயார்செய்யும்போது இந்தத் தலைப்பு வந்தால், யாராவது ஒருவர் எழுந்து “எல்லாம் எண்ணெய்க்காகத்தான்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். “1979-இல் தான்சானியா எந்த எண்ணெயைத் தேடி உகாண்டாவுக்குள் போய் அங்கிருந்த சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது?” என்று கேட்பேன். பதில் வராது. அதற்கு முந்தைய ஆண்டு அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்திருந்தது. அதற்கான பதிலடி அது. ஒற்றை வரி வாதத்தை முதலில் கைவிடுங்கள்.

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் ‘ஏன் போனார்கள்’, வலப்பக்கம் ‘என்ன ஆனது’. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் விவாதம் கூச்சலாகிறது. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் பெரும்படையுடன் நுழைந்ததற்கு முக்கியக் காரணம் அதன் எல்லைக் கிராமங்கள் மீது நடந்த தாக்குதல்கள். ஆனால் சொந்த மக்களையே கொன்று குவித்த பொல் பொட்டின் ஆட்சி கவிழ்ந்தது அதனால்தான். நோக்கத்தில் குறை கண்டுவிட்டால் விளைவையும் தோற்கடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

நோக்கத்தைப் பேச, தலைவர்களின் உரைகளைவிட ஆவணங்களை நம்புங்கள். லிபியா பற்றி ஐ.நா. பாதுகாப்பு அவை 2011 மார்ச் 17 அன்று நிறைவேற்றிய 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்வேன். பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும் அதில் அனுமதி உண்டு. எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்ற தடையும் உண்டு. லிபியாவை ஆண்ட கடாஃபியைப் பதவியிலிருந்து இறக்கலாம் என்று எங்கேயும் இல்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஏழே மாதங்களில் கடாஃபி கொல்லப்பட்டார். காக்கக் கொடுத்த அனுமதி கவிழ்க்கும் போராக எப்போது மாறியது? உங்கள் வாதத்தை அங்கே ஊன்றுங்கள்.

விளைவு என்றால், எந்த நாள்வரை கணக்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்கா தலைமையிலான படை ஈராக்குக்குள் நுழைந்து, பாக்தாத்தில் அந்நாட்டுச் சர்வாதிகாரி சதாமின் சிலை விழுந்தது 2003 ஏப்ரல் 9. கணக்கை அங்கே முடித்தால் வெற்றி. மே 23 அன்று, ஈராக் ராணுவத்தையே கலைக்கும் ஆணை அமெரிக்கா அமைத்த நிர்வாகத்திடமிருந்து பிறந்தது. ஆயுதம் பழகியவர்கள் லட்சக்கணக்கில் சம்பளமும் மரியாதையும் இழந்து வீதிக்கு வந்தார்கள். படை போனது சரியா என்ற கேள்வியைவிட, போன பிறகு யார் என்ன கையெழுத்திட்டார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

தலையீட்டை எதிர்க்கும் அணி ருவாண்டாவுக்குப் பதில் இல்லாமல் மேடையேறக் கூடாது. 1994 ஏப்ரலில் அங்கே இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தபோதே, ஐ.நா. அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்ததும் இதே பாதுகாப்பு அவைதான். போகாமல் இருந்ததற்கும் அந்த வலப்பக்கத்தில் இடம் கொடுங்கள்.

கடைசியாகத் தாளை எதிரணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த நாட்டு மக்களே என்ன கேட்டார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லையென்றால், மேடையேறும் முன் மறுபடி எழுதுங்கள்.