சுவரோவியப் புதிர் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜியோகேஷிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை மற்றவர்கள் ஜி.பி.எஸ். ஆயக்குறியீடுகளைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அதில் சுவரோவியம் ஒன்றை நடுவில் வைத்துப் புதிர் அமைப்பவர்கள் செய்யும் பெருந்தவறு, அந்த ஓவியம் என்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுவதுதான். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வண்ணத்தை அரிக்கிறது. அதற்கு முன்பே கோயில் கொடை அறிவிப்போ தேர்தல் சுவரொட்டியோ ஓவியத்தின் மேல் ஏறிவிடலாம். சுவரொட்டிகள் பெரும்பாலும் கையெட்டும் உயரத்திலேயே ஒட்டப்படுவதால், குறிப்புகளை ஓவியத்தின் மேற்பகுதியிலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது.

அடுத்தது, எண்ணிக்கையில் வரும் குழப்பம். தோவாளையில் பூக்கட்டும் பெண்களை வரைந்த ஓர் ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் எத்தனை பூக்கள் என்று கேட்டால், பாதி மறைந்த பூவை ஒருவர் சேர்த்துக்கொள்வார், இன்னொருவர் விட்டுவிடுவார். எத்தனை பெண்கள் என்று கேட்டால் அந்தத் தகராறு எழாது. இந்த விடைகளே டப்பா இருக்கும் இடத்தின் ஆயக்குறியீட்டில் இலக்கங்களாக வருவதால் இது சிறிய விஷயமன்று. நம் அட்சரேகையில் ஒரு கலையின், அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கின், ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 1.84 மீட்டர்தான், ஆனால் தசமப் புள்ளியை அடுத்த முதல் இலக்கத்தில் ஒன்று பிசகினால் தேடுபவர் 184 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். விடைகளின் கூட்டுத்தொகையைப் புதிரிலேயே கொடுத்துவிட்டால், புறப்படுவதற்கு முன்பே அவர் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

தேடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஆயக்குறியீட்டு வடிவம். ஜியோகேஷிங்கில் பாகையும் தசமக் கலையும் வழங்குகின்றன. கைபேசி வரைபடங்களிலோ பெரும்பாலும் தசமப் பாகைதான் தெரியும். வடக்கு 8 பாகை 10.500 கலை என்பது 8.175 பாகையாகும். அதை 8.105 என்று தட்டச்சு செய்தவர், நாகர்கோவிலில் தேட வேண்டியதை ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் தெற்கே, கன்னியாகுமரிப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

டப்பாவை ஓவியச் சுவரின் இடுக்கிலேயே செருகுவது, என் பார்வையில், அந்த ஓவியருக்குச் செய்யும் அநீதி. விரல்களும் குச்சிகளும் வண்ணத்தைப் பெயர்த்துவிடும். புதிர்வகைக்கு, டப்பா இருக்கும் இறுதி இடம் அறிவித்த இடத்திலிருந்து 3.2 கிலோமீட்டர் வரை விலகியிருக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது. ரயில் நிலையம், படகுத்துறை போன்ற இடங்களில் உரிமையாளர் தெரியாத பொட்டலம் காவலர்களை வரவழைக்கும் என்பதால் அவற்றை முற்றிலும் தவிர்த்து, அனுமதி தந்த ஒருவரின் கடை வாசலையோ வீட்டு மதிலையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுத்தாளுடன் பேனாவுக்குப் பதில் பென்சில் வைத்தால், ஈரம் புகுந்தாலும் எழுதிய பெயர்கள் கரையாமல் இருக்கும்.